சின்னப் பெட்டிக்கு எந்தக் கூலர்? கல்முனையிலிருந்து வந்த ஒரு கேள்விக்கு விரிவான பதில்

கல்முனையில் கொமியுனிகேஷன் கடை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். கடையில் இருப்பது ஒடுக்கமான பெட்டிக் கணினி. மேசையில் படுக்க வைத்து அதன் மேலே மொனிட்டரை வைத்திருக்கிறார். புரொசெசர் ஐ5-6500. காலையில் நன்றாக ஓடுகிறது. பகல் பன்னிரண்டு தாண்டினால் ஃபேன் இரையத் தொடங்குகிறது, வெப்பம் 97, 98 பாகை என்று காட்டுகிறது, ஃபோட்டோஷொப் இழுபடுகிறது. கணினிக் கடையில் விசாரித்தபோது, புரொசெசரின் மேல் பூட்டிச் சூட்டை இறக்கும் கூலர்களில் உயரமான டவர் வகை ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். அதைப் போட்டால் மூடி மூடாது. மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அதையே போடலாமா, இல்லாவிட்டால் இந்தப் பெட்டிக்குள் அடங்கக்கூடிய நல்ல கூலர் எது என்பது அவருடைய கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்தக் கூலர் உள்ளே அடங்கும் என்பது ஒன்று. அது அளவெடுத்தால் தீர்ந்துவிடும். புதிய கூலர் போட்டால் அந்த 98 இறங்குமா என்பது மற்றது. காசு செலவழிக்க முன்னர் விடை தெரிய வேண்டியது இந்த இரண்டாவதற்குத்தான். மட்டக்களப்பில் பல வருடங்களாகக் கணினி திருத்துவதும், திருத்தப் பழக்குவதுமாக இருக்கிறேன். கூலர் சிறியதாக இருப்பதால் சூடாகும் பெட்டிகளைவிட, கூலருக்குப் போக வேண்டிய காற்று போகாததால் சூடாகும் பெட்டிகளே என் மேசைக்கு அதிகம் வந்திருக்கின்றன. ஆகவே வாங்கும் விஷயத்துக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

முதலில் நிச்சயமாகச் சொல்லக்கூடியவை. ஐ5-6500 என்பது இன்டெல் 2015இல் வெளியிட்ட ஆறாம் தலைமுறை புரொசெசர். அதற்குக் குறித்திருக்கும் வெப்ப அளவு 65 வாட். இன்றைய புரொசெசர்களோடு பார்த்தால் இது சிறிய சூடு. பெட்டியோடு இன்டெல் இலவசமாகக் கொடுத்த வட்டமான அலுமினியக் கூலரே இதற்குப் போதும் என்று கணக்கிட்டுத்தான் கொடுத்தார்கள். இந்தப் புரொசெசரின் உச்ச எல்லை 100 பாகை. அதைத் தொடும்போது புரொசெசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உங்கள் ஃபோட்டோஷொப் இழுபடுவது அதனால்தான். எரிந்துபோகும் என்று பயப்பட வேண்டியதில்லை, அந்தப் பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது. ஆனால் 65 வாட் புரொசெசர் 98 பாகைக்குப் போகிறதென்றால், முன்பு சரியாக இருந்த ஏதோ ஒன்று இப்போது சரியில்லை என்றுதான் அர்த்தம். புரொசெசருக்கும் கூலருக்கும் இடையில் பூசும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், கூலரின் ஒரு கால் கழன்றிருக்கலாம், ஃபேன் களைத்திருக்கலாம், தூசி அடைத்திருக்கலாம், மேலே இருக்கும் மொனிட்டர் காற்றை மறைத்திருக்கலாம். இவற்றில் எது என்று தெரியாமல் விலை கூடிய கூலர் வாங்கினால், அதே கோளாறு புதுக் கூலருக்கும் வந்து சேரும்.

எங்கள் ஊர்ச் சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். எந்தச் சாதாரணக் கூலராலும் புரொசெசரைத் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிராக்க முடியாது. காற்றின் வெப்பத்துக்கு மேலே இத்தனை பாகை என்றுதான் அது நிற்கும். இணையத்தில் வரும் கூலர் பரிசோதனைகள் பெரும்பாலும் 20க்கும் 25க்கும் இடைப்பட்ட அறையில் செய்யப்படுபவை. கச்சான் அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் கரையோரத்தில் பகல் 33, 34 பாகை என்பது சாதாரணம். சீற் போட்ட கடையென்றால் உள்ளே இன்னும் கூடும். ஒரு கூலர் முழு வேலையில் புரொசெசரைத் தன் காற்றைவிட 40 பாகை மேலே வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 22 பாகை அறையில் அது 62 என்று காட்டும். 34 பாகைக் கடையில், பெட்டிக்குள் தேங்கிய காற்று 44 ஆக இருக்கும்போது அதே கூலர் 84 காட்டும். இதில் கூலரின் பிழை எதுவும் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. மாரி தொடங்கி வாடைக் காற்று வந்ததும் இந்த முறைப்பாடுகள் தாமாகவே நின்றுவிடும். மெஷின் சரிவந்துவிட்டது என்று ஆட்கள் நினைப்பார்கள். அடுத்த வைகாசியில் அதே மெஷின் திரும்ப வரும்.

வாங்குவதற்கு முன்னர் செய்ய வேண்டிய சோதனைகளுக்குச் செலவில்லை. எச்டபிள்யூஇன்ஃபோ அல்லது கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பகல் நேரத்தில் மெஷினுக்குக் கனமான வேலை கொடுத்துவிட்டு வெப்பம் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். வேலை தொடங்கி ஓரிரு செக்கனில் 45இலிருந்து 95க்குத் தாவினால், புரொசெசருக்கும் கூலருக்கும் இடையில் தொடுகை சரியில்லை. பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது கூலர் சரியாக உட்காரவில்லை. பத்து, பதினைந்து நிமிடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 95க்குப் போனால், தொடுகை நன்றாக இருக்கிறது, சூட்டை வெளியே கொண்டுபோகக் காற்று இல்லை.

அடுத்தது மூடியைத் திறந்து அதே வேலையைத் திரும்பக் கொடுப்பது. திறந்ததும் பத்துப் பதினைந்து பாகை இறங்கினால் பிரச்சினை பெட்டியின் காற்றோட்டத்தில் இருக்கிறது. திறந்த பிறகும் 98இலேயே நின்றால் பிரச்சினை கூலரில், பேஸ்ட்டில் அல்லது ஃபேனில் இருக்கிறது. அந்த நேரத்தில் ஃபேனில் விரல் படாமல் கூலரின் உலோகப் பகுதியின் ஓரத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். திரையில் 98 இருக்கும்போது உலோகம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறதென்றால், சூடு புரொசெசரை விட்டு வெளியே வரவேயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால், சூடு கூலருக்கு வந்துவிட்டது, காற்று அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. திறந்த மூடி என்பது இந்தச் சோதனைக்கு மட்டும். அதை நிரந்தரமாகத் திறந்து வைப்பதை நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். அலுவலக மெஷின் என்று வரும் பல பெட்டிகளில் மூடி இருந்தால்தான் காற்று சரியான பாதையில் போகும். அதோடு எங்கள் ஊரில் திறந்த பெட்டிக்குள் பல்லி போகும். பவர் சப்ளைக்குள்ளும் மதர்போர்டிலும் பல்லி கருகிக் கிடந்த மெஷின்களைத் திறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தூசியைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கும் எங்கள் ஊர்களில் படியும் தூசி, உள்நாட்டுத் தூசியைப் போல உலர்ந்ததல்ல. உப்பு ஈரத்தில் அது ஒட்டிப்பிடித்துக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத்தான் தெரியும். நான்கு ஆணியையும் கழற்றி ஃபேனைத் தூக்குங்கள். அடியில், அலுமினியத் தகடுகளின் வாயில், சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி போல ஒரு படை விரிந்திருக்கும். விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக ஒரே துண்டாக வரும். ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அந்தப் படைக்குக் கீழே காற்று இறங்காது. இதை எடுத்துவிட்டுப் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதுப் பேஸ்ட் போட்டதோடு வேலை முடிந்து, புதுக் கூலர் தேவைப்படாமல் திரும்பிப் போன மெஷின்கள் நிறைய. புளோவரால் ஊதும்போது ஃபேனின் இறகுகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அதைச் சுற்றவிட்டால் அதன் பெயாரிங் கெடும்.

பேஸ்ட் மாற்றுவது பெரிய வித்தையல்ல. ஐசோப்ரொப்பைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சுத் துணியால் இரண்டு பக்கமும் பளிச்சென்று வரும்வரை துடைக்க வேண்டும். நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட், அவ்வளவுதான். கூடப் போட்டால் நன்மையில்லை. புரொசெசரை அது மதர்போர்டில் உட்காரும் இடமான சொக்கெட்டிலிருந்து கழற்றத் தேவையில்லை, கழற்றவும் வேண்டாம். இந்த 1151 சொக்கெட்டில் ஊசிகள் மதர்போர்டில்தான் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் போர்டே போகலாம். ஏஎம்டியின் ஏஎம்4 போர்ட் வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றிய பிறகு கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருப்பியே எடுங்கள். குளிர்ந்த நிலையில் நேரே இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டோடு புரொசெசரும் சொக்கெட்டைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

சில வேளை கூலர் நல்லது, ஃபேன் மட்டும் போயிருக்கும். மெஷினை நிறுத்தி, ஃபேனை விரலால் ஒரு சுற்று விடுங்கள். நன்றாக ஓடி மெல்ல நிற்க வேண்டும். உடனே நின்றாலோ, நடுத்தண்டு ஆடினாலோ அதன் காலம் முடிந்தது. ஸ்டிக்கரைத் தூக்கி ஒரு துளி எண்ணெய் விடும் வழக்கம் எங்கள் கடைகளில் இருக்கிறது. கொஞ்ச நாளைக்குச் சத்தம் அடங்கும், அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. சதுரச் சட்டகம் உள்ள ஃபேன் என்றால் தனியாக மாற்றலாம். ஆணித் துளைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்தால் போதும்: 80 மில்லிமீற்றர் ஃபேனுக்கு 71.5, 92 மில்லிமீற்றர் ஃபேனுக்கு 82.5. தடிப்பையும் பாருங்கள். 25 மில்லிமீற்றர்தான் சாதாரணம், ஒடுக்கமான பெட்டிகளில் 15 அல்லது 14 மில்லிமீற்றர் மெல்லிய ஃபேன் இருக்கும். வயர் நான்கு உள்ளதை வாங்குங்கள். மூன்று வயர் ஃபேனும் அதே இடத்தில் பொருந்தும், ஆனால் பயோஸில் (மெஷின் தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருளில்) அதற்கான அமைப்பு இல்லாத போர்ட்களில் அது எப்போதும் முழு வேகத்தில் இரையும்.

இவ்வளவும் செய்த பிறகும் கூலர் மாற்றத்தான் வேண்டும் என்றால், கடைக்குப் போக முன்னர் வீட்டிலேயே முடிக்க வேண்டிய அளவுகள் இருக்கின்றன. முதலாவது உயரம். பெட்டியின் விளிம்புக்குக் குறுக்கே நேரான அடிமட்டம் ஒன்றை வையுங்கள். அதிலிருந்து இன்னொரு அடிமட்டத்தைச் செங்குத்தாக இறக்கிப் புரொசெசரின் மேற்பரப்பு வரை அளவிடுங்கள். கூலர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் உயரம் புரொசெசரின் மேலிருந்து கணக்கிடுவது. பழைய கூலரைக் கழற்ற விருப்பமில்லையென்றால் மதர்போர்ட் வரை அளந்து 8 மில்லிமீற்றர் கழித்துக்கொள்ளுங்கள், ஏறத்தாழச் சரியாக வரும். மூடியின் உட்பக்கத்தில் மடிப்போ கம்பியோ இருந்தால் அதையும் கழியுங்கள். புரொசெசருக்கு மேலே டிவிடி தட்டு வருகிற பெட்டியென்றால் மூடியை விட்டுவிட்டு அந்தத் தட்டு வரைதான் அளக்க வேண்டும்.

வந்த அளவு முழுவதையும் கூலருக்குக் கொடுத்துவிட முடியாது. ஃபேனுக்கு மேலே மூச்சு விட இடம் வேண்டும். மூடியில் ஃபேனுக்கு நேரே துளைகள் இருந்தால் நான்கைந்து மில்லிமீற்றர் இடைவெளியே போதும், சொல்லப்போனால் அது மிக நல்லது, வெளிக்காற்றை நேரே இழுக்கும். மூடி மொட்டையான தகடாக இருந்தால் குறைந்தது 10 மில்லிமீற்றராவது விடுவேன், இடமிருந்தால் இன்னும் கூட. உதாரணமாக உங்களுக்கு 60 மில்லிமீற்றர் கிடைக்கிறது, மூடியில் துளை இல்லை என்றால், 50க்கு உள்ளே உள்ள கூலரைத் தேடுங்கள். கடையில் காட்டிய டவர் கூலர் வகை பெரும்பாலும் 150க்கும் 160க்கும் இடையில் வரும். உங்கள் பெட்டியின் மொத்தத் தடிப்பே அவ்வளவு இருக்காது. அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது துளைகள். இன்டெல்லின் 1156, 1155, 1150, 1151, 1200 ஆகிய சொக்கெட்டுகள் எல்லாவற்றிலும் கூலர் துளைகள் 75 மில்லிமீற்றர் சதுரத்தில் இருக்கின்றன. ஆகவே மூன்றாம் தலைமுறைக்கு வந்த கூலரும் பத்தாம் தலைமுறைக்கு வந்த கூலரும் உங்கள் போர்டில் உட்காரும். பழைய 775க்கு 72, பன்னிரண்டாம் தலைமுறையோடு வந்த 1700க்கு 78. மூன்று மில்லிமீற்றர்தானே என்று வளைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கால்கள் உட்கார்ந்தது போலத் தெரியும், அடியில் அழுத்தம் ஒரு பக்கமாக விழும், வெப்பம் இறங்காது. பாவித்த கூலர் வாங்கும்போது இது எந்தச் சொக்கெட்டிலிருந்து கழற்றியது என்று கேட்டே வாங்குங்கள்.

மூன்றாவது சுற்றுவட்டாரம். சாதாரண ரம் (RAM) நினைவகத் தகட்டின் உயரம் 31 மில்லிமீற்றர் அளவில் வரும். கூலர் அகலமாக ரம் மேலே நீட்டிக்கொண்டு வந்தால், அதன் அடிப்பக்கம் அதற்கு மேலே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு பக்கமும் 95 மில்லிமீற்றருக்குள் அடங்கும் கூலர்களில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. பவர் சப்ளையின் தடித்த வயர்க் கட்டு ஃபேன் மேலே விழாமல் கட்டவும் இடமிருக்க வேண்டும்.

இவ்வளவும் உங்கள் மதர்போர்ட் சந்தையில் தனியாக விற்கும் சாதாரணப் போர்ட் என்றால்தான். நீங்கள் போர்டின் பெயரைச் சொல்லவில்லை. வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்து எங்களிடம் இறக்குமதியாகும் டெல், எச்பி, லெனோவோ ஸ்லிம் பெட்டியாக இருந்தால் கதை வேறு. அவற்றில் பலவற்றில் கூலரின் ஆணிகள் போர்டைத் தாண்டிப் பெட்டியின் அடித்தகட்டிலேயே இறங்கும். சாதாரணக் கூலரின் பிளாஸ்டிக் கால்கள் அங்கே பிடிக்காது. சில மொடல்களில் ஃபேன் இணைப்பில் நான்குக்குப் பதிலாக ஐந்தோ ஆறோ ஊசிகள் இருக்கும். தான் எதிர்பார்க்கும் ஃபேன் இல்லையென்றால் பயோஸ் ஒவ்வொரு தடவையும் ஃபேன் பிழை என்று நிறுத்தி, ஒரு விசையை அழுத்தச் சொல்லும். முன்பக்கத்திலிருந்து காற்றை நேரே கூலருக்குள் கொண்டுவரும் கறுப்புப் பிளாஸ்டிக் கூடும் பலவற்றில் உண்டு, கூலரை மாற்றினால் அது பொருந்தாமல் போகும். இப்படிப்பட்ட மெஷினுக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். பழைய கூலரில் ஒட்டியிருக்கும் பகுதி இலக்கத்தைப் பார்த்து, அதே மெஷினுக்கான கூலரையே தேடுங்கள். பிளாஸ்டிக் கூட்டை எறியாதீர்கள். முன்பு வேலை செய்தவர் கழற்றி எங்கோ போட்டிருந்தால், வெப்பம் ஏறியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

சாதாரணப் போர்ட் என்றால் தெரிவுகள் நல்லவை. 40 மில்லிமீற்றர்கூடக் கிடைக்காத பெட்டிக்கு நொக்டுவாவின் என்எச்-எல்9ஐ இருக்கிறது. ஃபேனோடு சேர்த்து 37 மில்லிமீற்றர் உயரம், 95க்கு 95 அகலம், அதன் ஃபேன் 14 மில்லிமீற்றர் தடிப்பு. விலை கூடியது, ஆனால் 65 வாட்டுக்கு அமைதியாக வேலை செய்யும். 1700 சொக்கெட்டுக்கு அதே கூலர் வேறு பெயரில் வருகிறது, 1151க்கு உரியதா என்று பார்த்து எடுங்கள். 50 மில்லிமீற்றர் கிடைத்தால் தேர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47, உயரம் 47, வெப்பக் குழாய் நான்கு. என் தெரிவு இதுதான். பத்து மில்லிமீற்றர் கூடுதலாக இருப்பதால் தகடுகளின் பரப்புக் கூடுகிறது, எங்கள் சூட்டில் அந்த வித்தியாசம் தெரியும். இவை இரண்டும் ஆணி போட்டுப் பூட்டுபவை. போர்டின் பின்பக்கத்தில் கை போக வேண்டும், ஆகவே ஒடுக்கமான பெட்டியில் போர்டையே வெளியே எடுக்க நேரிடும். அந்த வேலைக்கு ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள்.

பணம் இறுக்கமாக இருந்தால் இன்டெல் பெட்டிக் கூலர் ஒன்றைப் பாவித்ததாக வாங்குவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் செம்பு வட்டம் இருப்பதும் உண்டு, முழுக்க அலுமினியமாக இருப்பதும் உண்டு. செம்பு உள்ளதை எடுங்கள். அது சற்று உயரம் கூடியது, ஆகவே அளந்து எடுங்கள். நான்கு பிளாஸ்டிக் கால்களின் நுனியும் பிளவுபடாமல் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டும்போது மூலைக்கு மூலை குறுக்காக அழுத்தி, நான்கும் 'டிக்' என்று விழுந்ததா என்று போர்டின் பின்பக்கம் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும். ஒரு கால் விழாமல் நின்ற கூலர் 98 காட்டுவது மிகச் சாதாரணம். ஆணிக் கூலர் என்றாலும் குறுக்கு முறைதான், கொஞ்சம் கொஞ்சமாக. ஆறாம் தலைமுறைப் புரொசெசரின் அடித்தகடு அதற்கு முந்தையவற்றைவிட மெல்லியது, பலத்தைக் காட்டி இறுக்க வேண்டாம்.

தண்ணீர்க் கூலர் பற்றியும் ஒருவர் உங்களுக்குச் சொல்லியிருந்தால்: ரேடியேட்டர் 27, ஃபேன் 25, சேர்த்து 52 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு கட்டையை உங்கள் பெட்டியில் எங்கே பூட்டுவது? 65 வாட்டுக்கு அது தேவையும் இல்லை.

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுக் கடைகளில் கையோடு கிடைப்பவை பெரும்பாலும் டவர் கூலர்களும் கழற்றிய பெட்டிக் கூலர்களும்தான். உயரம் குறைந்தவை வேண்டுமென்றால் அநேகமாகக் கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பிக்க வேண்டி வரும். உயரம், சொக்கெட், ஃபேன் இணைப்பு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்று பணம் கட்ட முன்னரே கேளுங்கள்.

கூலர் எதுவாக இருந்தாலும் காற்றுப் பாதையை அமைத்துக் கொடுக்க வேண்டும். மூடியில் துளைகள் இருந்து ஃபேன் அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை வளையமாக வெட்டிய ஸ்பொஞ்சால் அடைத்துவிடுங்கள். பார்சல்களில் வரும் கறுப்பு ஸ்பொஞ்ச் போதும். ஃபேனின் வாயை மறைக்காமல் அதன் சட்டகத்தைச் சுற்றி நிற்க வேண்டும். இப்போது ஃபேன் வெளிக்காற்றை மட்டும் இழுக்கும், பெட்டிக்குள் சுற்றும் சூடான காற்றைத் திரும்பத் திரும்ப இழுக்காது. காசில்லாமல் கிடைக்கும் முன்னேற்றங்களில் இதைவிடப் பெரியதை ஒடுக்கமான பெட்டிகளில் நான் கண்டதில்லை. மொனிட்டரை மேலிருந்து இறக்குங்கள். அதன் கால் மூடியின் துளைகளை மறைத்துக்கொண்டிருக்கலாம் என்பது என் பலமான சந்தேகம். பெட்டியை நிமிர்த்தி, துளையுள்ள பக்கம் வெளியே பார்க்க, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தூசிக்குப் பயந்து துணி உறை போட்டிருந்தால், மெஷின் ஓடும் நேரத்தில் அதை எடுத்துவிடுங்கள்.

அவசரத்துக்கு இன்னொரு வழி. விண்டோஸின் பவர் அமைப்பில் புரொசெசரின் உச்ச நிலை 100 வீதம் என்று இருக்கும், அதை 99 ஆக்குங்கள். வேலை கூடும்போது தானாக வேகத்தைக் கூட்டும் டர்போ நின்றுவிடும். உங்கள் புரொசெசர் 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடுவதற்குப் பதிலாக 3.2இல் நிற்கும். ஃபோட்டோகொப்பி, ஸ்கேன், பாஸ்போர்ட் படம் வெட்டும் வேலைக்கு அந்த வித்தியாசம் தெரியாது, வெப்பம் பல பாகை இறங்கும். கொழும்பிலிருந்து பொருள் வரும்வரை இப்படி ஓட்டலாம்.

தூரத்திலிருந்து என்னால் தீர்மானிக்க முடியாத ஒன்று பவர் சப்ளை. மெஷின் வேகம் குறையாமல் திடீரென்று முழுதாக நின்றுபோகிறது, அந்த நேரம் வெப்பம் 75, 80தான் காட்டியது என்றால், குற்றவாளி புரொசெசர் அல்ல. ஒடுக்கமான பெட்டிகளின் சிறிய பவர் சப்ளைக்குள்ளும் அதே உப்புத் தூசிதான் அடைந்திருக்கும். ஆனால் அதை வீட்டில் திறக்காதீர்கள். மின்கம்பியைக் கழற்றிய பிறகும் உள்ளேயுள்ள கொள்ளளவிகளில் ஆபத்தான மின்சாரம் தேங்கி நிற்கும். அதைப் பழகியவரிடம் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் சோதித்துப் பார்க்கும் நேரம் முக்கியம். இரவில் கடையைப் பூட்டிய பிறகு பார்த்துவிட்டு 68 என்று சந்தோஷப்பட வேண்டாம். கச்சான் அடிக்கும் பகலில், ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில், மூடியைப் பூட்டி, அரை மணித்தியாலம் முழு வேலை கொடுத்துப் பாருங்கள். 85க்குக் கீழே நின்றால் அந்த மெஷினைப் பற்றி இந்த வருடம் யோசிக்க வேண்டியதில்லை. 90க்கு மேலே போனால், போர்டில் அச்சிட்டிருக்கும் மொடல் இலக்கம், புரொசெசரிலிருந்து மூடி வரை அளந்த உயரம், மூடி திறந்தபோதும் மூடியபோதும் காட்டிய வெப்பம் இந்த நான்கையும் எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று அவற்றை வைத்துச் சொல்கிறேன்.